மேற்படி நாற்காலி

மூட்டு வலிக்காரர்களுக்கென்று ஒரு யோகா மையம் திறந்தால் அதை எந்த மாடியில் திறப்பார்கள் என்று யாராவது கேட்டால், நீங்களும் நானும் யோசிக்காமல் கீழ்த்தளத்தில் என்று சொல்லிவிடுவோம். அதனால்தான் நாம் அரசு உத்தியோகத்தில் இல்லை. திண்டிவனத்தில் அதை இரண்டாவது மாடியில் திறந்தார்கள். கீழ்த்தளத்தில் பழைய கோப்புக் கட்டுகள் இருந்தன. அவற்றால் மாடி ஏற முடியாது என்று விளக்கம் சொன்னார்கள்.

மையத்தின் முழுப்பெயர் ‘மாவட்ட மூட்டு நல்வாழ்வு யோகா மையம், திண்டிவனம் பிரிவு’. தலைமை அலுவலகம் விழுப்புரத்தில். வாசலில் இருந்த பெயர்ப்பலகையில் ஒருவர் பத்மாசனம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஜென்மத்தில் மூட்டு வலி வந்ததில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

இந்த மையத்துக்கு வந்து மாட்டியவர் மீரா சாகிப். கோட்டக்குப்பத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். குவைத்தில் ஒரு கம்பெனியின் சமையல்கட்டில் இருபது வருஷத்துக்கு மேல் அடுப்புக்கு முன்னால் நின்றவர். நின்றதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். முழங்கால்களை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டு ஆளை மட்டும் ஊருக்கு அனுப்பினார்கள்.

ஊர் வந்த பிறகு பள்ளிவாசலில் அவருக்குக் கடைசி வரிசை ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் இடம். முடியாதவர்கள் உட்கார்ந்து தொழலாம், மார்க்கத்தில் அனுமதி உண்டு, ஆலிம்சாவே சொல்லிவிட்டார். ஆனாலும் மற்றவர்கள் எல்லாம் சுஜூது செய்ய நெற்றியைத் தரையில் வைக்கும்போது, இவர் மட்டும் நாற்காலியில் இருந்தபடி காற்றைப் பார்த்துக் குனிய வேண்டும். அது அவருக்கு ஆறவே இல்லை.

“மௌத்தாவுறதுக்குள்ள ஒரே ஒரு தடவ இந்த நெத்தி தரையில படணும் புள்ள. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்” என்று மனைவி அசன் பீவியிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

“படும். அதுக்கு முன்னாடி கால் மடங்கணுமே. அதுக்கு எதனா வழியப் பாருங்க, என்கிட்ட சொல்லிக்கினே இருந்தா மடங்கிடுமா?” என்றார் அசன் பீவி.

கோட்டக்குப்பத்தில் இருந்து கூப்பிடு தூரத்தில் புதுச்சேரி. அங்கே ஆஸ்பத்திரிக்குக் குறைவே இல்லை. ஆனால் அது வேறு மாநிலம். கோட்டக்குப்பத்து முழங்கால் தமிழ்நாட்டு முழங்கால். எனவே, அது தமிழ்நாட்டு பஸ்ஸில் ஏறித் திண்டிவனத்துக்குத்தான் போக வேண்டும் என்று சுகாதார நிலையத்து டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

முதல் நாள் படிக்கட்டில் ஒரு அம்மாள் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஓமந்தூர் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற வெள்ளையம்மாள். இரண்டு முழங்காலிலும் பச்சிலைக் கட்டு.

“மேல போனா கால் வலி போயிடுமாம் பாய். கால் வலி போனாத்தான் மேல போவ முடியும் போலக்கீது. நான் எதை மொதல்ல பண்றதுன்னு ரோசன பண்ணிக்கினு ஒக்காந்துகினுகீறேன்” என்றார் அவர்.

இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தார்கள். அங்கே நீண்ட கூடம். தரையெல்லாம் பச்சை நிற விரிப்புகள். கூடத்தின் கோடியில் ஒரே ஒரு நாற்காலி. அதன் முதுகில் வெள்ளைத் துண்டு. துண்டில் சாய்ந்தபடி கண்காணிப்பாளர் சீனுவாசன்.

“எல்லாரும் தரையில உக்காருங்க” என்றார்.

“தரையில உக்கார முடிஞ்சா நான் எதுக்கு சார் இங்க வரப்போறேன்?” என்று கேட்டார் மீரா சாகிப்.

சீனுவாசன் இந்தக் கேள்வியைப் பல பேர் வாயால் கேட்டு அலுத்தவர். “பெரியவரே, இது மூட்டு வலிக்காரங்களுக்கான தரைப் பயிற்சி. தரையில உக்கார முடியாதவங்களுக்கு இங்க பயிற்சி கிடையாது. உக்காரக் கத்துக்கினு வாங்க, உக்காரச் சொல்லித் தர்றோம்.”

பயிற்சியாளர் அன்புச்செல்வி ஒப்பந்தச் சம்பளத்தில் இருந்த பெண். மூட்டு வலிக்காரர்களுக்கு யோகா எப்படிச் சொல்லித் தருவது என்பதற்கென்றே தனியாகப் படித்துவிட்டு வந்திருந்தார். அது அவர் செய்த தவறு.

“சார், இவங்களுக்கெல்லாம் நாற்காலியில உக்கார வெச்சுத்தான் ஆரம்பிக்கணும். கை, தோளு, கணுக்கால்னு மெதுவா வந்து கடைசியாத்தான் தரை. ஒரு பத்து நாற்காலி வாங்கிக் குடுத்தா போதும்” என்றார்.

சீனுவாசனுக்கு முகம் சிவந்துவிட்டது. “யோகான்னா தரைம்மா. நாற்காலின்னா அது பதவி. நான் இந்த நாற்காலிக்கு வர எத்தனை பேரு ரிட்டயர் ஆவணும்னு காத்துக்கினு இருந்தேன் தெரியுமா? என் மூட்டு தேய்ஞ்சதே அதுலதான். இவங்க வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்த அன்னிக்கே நாற்காலில உக்காந்துடுவாங்களா?”

மீரா சாகிப் நியாயமாக ஒன்று கேட்டார். “சார், நான் அல்லாவுக்கு முன்னாடியே நாற்காலில உக்காந்துகினுதான் தொழுவுறேன். அவனே ஒத்துக்கினான். உங்க ஆபீஸு ஒத்துக்காதா?”

சீனுவாசன் கொஞ்சம் யோசித்தார். “எழுத்துப்பூர்வமா குடுத்திருக்காரா?”

“குடுத்திருக்கான் சார். வேதத்துல கீது. யாருக்கும் தாங்க முடியாத சுமையத் தர்றதில்லன்னு.”

“அது வேற துறை” என்றார் சீனுவாசன்.

ஆனாலும் அன்புச்செல்வி விடவில்லை. நாற்காலி கேட்டு விழுப்புரத்துக்கு எழுதினார். ரொம்ப நாள் கழித்துப் பதில் வந்தது. கூடவே ஒரு வேனும் வந்தது. வேனில் இன்னும் நூறு விரிப்புகள் இருந்தன. தரை கடினமாக இருப்பதால்தான் நாற்காலி கேட்கிறார்கள் என்று தலைமை அலுவலகம் புரிந்துகொண்டிருந்தது.

மீரா சாகிப் குவைத்தில் பல விதமான முதலாளிகளைப் பார்த்தவர். கேட்டுக் கிடைக்காததை நாமே கொண்டுபோய்விட வேண்டும் என்பது அவர் அங்கே கற்றது. ஒருநாள் வீட்டிலிருந்து சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். நடத்துனர் லக்கேஜ் போட்டார்.

“ஏன் பாய், பஸ்ஸுல சீட்டு கெடைக்காதுன்னு வூட்லேர்ந்தே கொண்டாந்துட்டீங்களா?”

“யோகாவுக்குப்பா. தரையில உக்காந்து தொழணும், அதுக்குக் கத்துக்கப் போறேன்.”

“தரையில உக்காரக் கத்துக்க நாற்காலியா?” என்று நடத்துனர் சிரித்தார். அவரும் யோகாவைப் பற்றிச் சீனுவாசன் கட்சிதான்.

மையத்தின் வாசலில் ஆபத்து காத்திருந்தது. தனியார் நாற்காலி ஒன்று அரசுக் கட்டடத்துக்குள் நுழைந்துவிட்டது என்று தகவல் மேலே போய், சீனுவாசன் கீழே இறங்கி வந்துவிட்டார். அவர் யாருக்காகவும் இறங்கி வந்ததில்லை.

“இதை உள்ள விட்டா, திரும்பப் போறப்ப நீங்க தூக்கிட்டுப் போறது உங்க நாற்காலியா, அரசாங்க நாற்காலியான்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?”

“சார், அரசாங்க நாற்காலி உங்களுது ஒண்ணுதானே கீது? அதுல நீங்க உக்காந்துகினு இருப்பீங்களே.”

“நான் டீ குடிக்கப் போயிருந்தா?”

எனவே நாற்காலியை அரசே அன்பளிப்பாக ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அதன் முதுகில் வெள்ளைப் பெயிண்டால் எண் எழுதினார்கள். எண் எழுதிய பொருளை உபயோகித்தால் தேய்மானம் வரும், தேய்மானம் வந்தால் விளக்கம் கேட்பார்கள் என்பதால் மேற்படி நாற்காலியைச் சாமான் அறையில் வைத்துப் பூட்டினார்கள். மீரா சாகிப் அன்றைக்கும் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே யோகா கற்றார். அசன் பீவி வீட்டில் நாற்காலி எங்கே என்று கேட்டபோது, “ஜப்தி ஆயிடுச்சு” என்றார்.

எதிரே சாலைக்கு அந்தப் பக்கம் மணிமாறனின் டீக்கடை. அங்கே பிளாஸ்டிக் நாற்காலிகள் வேண்டிய மட்டும் இருந்தன. அவற்றில் எண்ணும் இல்லை, துண்டும் இல்லை. அன்புச்செல்வி ஒரு ஏற்பாடு செய்தார். மேலே விரிப்பில் வருகைப்பதிவு, கீழே டீக்கடையில் வைத்தியம்.

மையத்தில் வகுப்பு முடிந்ததும் எல்லோரும் சாலையைக் கடந்து வந்து நாற்காலிகளில் வரிசையாக உட்கார்வார்கள். “மூச்ச இழுத்துக்கினே வலது கைய மேல தூக்குங்க” என்பார் அன்புச்செல்வி. மொத்தப் பேரும் தூக்குவார்கள். உடனே விழுப்புரம் பஸ் ஒன்று சடாரென்று பிரேக் போட்டு நிற்கும்.

“ஏறுங்க, ஏறுங்க. ஜல்தி!”

“இது பஸ்ஸுக்கு இல்லப்பா, தோள்பட்டைக்கு!” என்று வெள்ளையம்மாள் சத்தம் போடுவார். நடத்துனர் திட்டிக்கொண்டே விசில் ஊதுவார். இடது கையைத் தூக்கும்போது எதிர்த்திசையில் சென்னை பஸ் நிற்கும். இப்படியே சில மாதங்கள் போயின. டிரைவர்கள் பழகிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அந்த இடத்தில் உண்மையிலேயே பஸ்ஸுக்குக் கை காட்டியவர்களுக்கும் பஸ் நிற்கவில்லை.

ஆனால் வெள்ளையம்மாள் இப்போது படிக்கட்டில் உட்காராமல் மேலே வந்தார். மீரா சாகிப்புக்கும் காலையில் முழங்கால் அவ்வளவாக முறுக்கிக்கொள்ளவில்லை. தரையில் இறங்குவதற்கு அன்புச்செல்வி ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். நாற்காலியின் இருக்கையில் இரண்டு கையையும் ஊன்றி, மடித்த துண்டின் மேல் முதலில் ஒரு முட்டி, பிறகு மற்றது. எழும்போது ஒரு பாதத்தை முன்னால் வைத்து, கையை அழுத்தி எழ வேண்டும். மீரா சாகிப் பாதி வரைக்கும் போவார். அங்கே பயம் வந்து நின்றுவிடுவார். கீழே போய் எழ முடியாமல் போனால்?

“உங்க கால் ரெடியாத்தான் பாய் இருக்குது. மனசுதான் பேஜார் பண்ணுது. பரவாயில்ல, மெதுவா வரட்டும். வலிச்சா மட்டும் நிறுத்திடணும்” என்பார் அன்புச்செல்வி.

இந்த நேரத்தில்தான் விழுப்புரத்தில் இருந்து இணை இயக்குநர் விருத்தாசலம் மையத்தைப் பார்வையிட வருகிறார் என்று செய்தி வந்தது.

சீனுவாசன் மூன்று முக்கியமான காரியங்கள் செய்தார். மையத்துக்கு வருகிறவர்கள் பார்ப்பதற்கு நோயாளிகள் மாதிரியே இருந்ததால், பக்கத்துக் கல்லூரியின் கபடிக் குழுவை வரவழைத்து, வேட்டி கட்டி முன்வரிசையில் உட்கார வைத்தார். உண்மையான நோயாளிகளைத் தண்ணீர் கேனுக்குப் பின்னால் நிறுத்தினார். அடுத்தது நாற்காலி. மேலதிகாரி உட்கார்ந்த நாற்காலியில் கீழதிகாரி மறுபடி உட்கார்ந்தால் அது மரியாதையாக இருக்காது. தன் நாற்காலியைக் கொடுத்தால் அப்புறம் தானும் தரைக்குப் போக வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டு, அதைச் சாமான் அறையில் ஒளித்துவிட்டு, அங்கிருந்த மேற்படி நாற்காலியை வெளியே எடுத்துப் புதுத் துண்டு போட்டார். மீரா சாகிப் தன் நாற்காலியை ரொம்ப நாள் கழித்துத் தூரத்தில் இருந்து பார்த்தார். அதற்கு நல்ல வாழ்வு வந்திருந்தது.

இணை இயக்குநர் மாடி ஏறி வந்து சேர வெகுநேரமானது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் நின்று மூச்சு வாங்கினார். நிற்கும்போதெல்லாம் கை தட்டினார்கள். அவர் கட்டடத்தை ஆய்வு செய்கிறார் என்று சீனுவாசன் எல்லோருக்கும் சொன்னார்.

பிறகு விருத்தாசலம் பேசினார்.

“மூட்டு வலின்னு எதுவும் கிடையாதுங்க. எல்லாம் மனசு. எனக்கே முழங்கால்ல பயங்கர வலி. நான் என்ன பண்றேன்? ஒத்துக்கறதே இல்ல. இன்னிக்கு வரைக்கும் கீழ குனிஞ்சு ஒரு கோப்பு எடுத்தது இல்ல, மேல எம்பி ஒரு கோப்பு எடுத்தது இல்ல. அப்படித்தான் இந்தத் துறைய நடத்திக்கிட்டு வர்றேன். இங்க யாரோ நாற்காலி கேட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். எனக்கு வருத்தமா இருந்துச்சு. நம்ம முன்னோருங்க நாற்காலியிலயா உக்காந்தாங்க? நம்ம லட்சியம் என்ன? மூட்டு வலிக்காரங்க ஒருத்தர்கூட இந்த மையத்துக்கு வரக் கூடாது. அந்த நிலைமைய நாம ஏறக்குறைய எட்டிட்டோம். அடுத்த வருஷம் மூணாவது மாடி கட்டறோம்.”

கபடிக் குழு கைதட்டியதில் ஜன்னல் அதிர்ந்தது.

போட்டோக்காரர் ஒரு ஆசனம் கேட்டார். விருத்தாசலம் துண்டு போட்ட நாற்காலியில் இருந்து எழுந்து, “யோகான்னா தரை” என்று சொல்லி விரிப்பில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிடச் சேர்ந்தார் என்று சொல்லலாம். இரண்டு உதவியாளர்கள் அவர் கால்களை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துப் பொருத்தினார்கள். பத்மாசனம் பூட்டிக்கொண்டது. போட்டோ எடுத்து முடிந்தது. மாலைகள் வந்தன. எல்லோரும் எழுந்தார்கள். இணை இயக்குநர் மட்டும் எழவில்லை.

சீனுவாசன் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார். அதில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து, “அய்யா தியானத்துல இருக்காங்க. யாரும் சத்தம் போடாதீங்க” என்று அறிவித்தார்.

கூடம் அமைதியானது. அந்த அமைதியில் “யோவ், காலப் பிரிச்சு விடுய்யா” என்று அய்யாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

காலைப் பிரித்தார்கள். அடுத்துத் தூக்க வேண்டும். கபடிக் குழு ஆளுக்கொரு பக்கம் பிடித்தது. அய்யா போட்ட கூச்சலில் எதிரே மணிமாறன் டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

“சார், யாரும் தூக்க வேணாம். நாற்காலியக் கொண்டாங்க. அதப் பிடிச்சே எழுந்துக்கலாம், நான் சொல்றேன்” என்று அன்புச்செல்வி முன்னால் வந்தார்.

வலியிலும் விருத்தாசலத்துக்குப் பதவி நினைவிருந்தது. “ஒப்பந்தப் பணியாளர் எனக்கு ஆர்டர் போடக் கூடாதும்மா. பயனாளி யாராவது செயல்விளக்கம் செஞ்சு காட்டட்டும். நான் பார்வையிடறேன்.”

சீனுவாசன் முன்வரிசையைப் பார்த்தார். கபடிக் குழுவுக்கு எழுந்திருப்பதில் கஷ்டம் எதுவும் இல்லாததால், எப்படி எழுவது என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. தண்ணீர் கேனுக்குப் பின்னால் இருந்து மீரா சாகிப் வந்தார்.

வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. எழுந்து காட்ட வேண்டுமானால் முதலில் கீழே போயாக வேண்டும்.

சிவப்பு நாற்காலியின் மேலிருந்த புதுத் துண்டை எடுத்தார். மடித்துக் கீழே போட்டார். சீனுவாசன் பல்லைக் கடித்தார். மீரா சாகிப் இருக்கையில் கையை ஊன்றினார். நாற்காலி அவரை அடையாளம் கண்டதுபோல ஆடாமல் நின்றது. பாதி போனார். வழக்கமாக நிற்கிற இடம் வந்தது. பயமும் வந்தது.

“போங்க பாய், நாங்கல்லாம் கீறோம். எழுந்துக்க முடியலன்னா அந்தப் பெரிய ஆபீசரும்தான் கெடக்காரு, தொணைக்கு!” என்று பின்னால் இருந்து வெள்ளையம்மாள் கத்தினார்.

மீரா சாகிப்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்தில் ஒரு முட்டி துண்டைத் தொட்டது. பிறகு இன்னொன்றும் தொட்டது. வலித்தது, ஆனால் தாங்குகிற வலி. அவர் தரையில் இருந்தார்.

“சரி, இப்ப எழுந்து காட்டுங்க” என்றார் விருத்தாசலம்.

“ஒரு நிமிஷம் சார்.” மீரா சாகிப் அன்புச்செல்வியைப் பார்த்தார். “மேக்கு எந்தப் பக்கம்மா?”

அன்புச்செல்வி ஜன்னலைக் காட்டினார். அவர் கண்கள் அதற்குள் கலங்கியிருந்தன. மீரா சாகிப் முட்டிகளை நகர்த்தி நகர்த்தி, தொழும் திசையான ஜன்னல் பக்கம் திரும்பினார். இப்போது இணை இயக்குநருக்கு அவருடைய முதுகுதான் தெரிந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் விரிப்பில் வைத்தார். குனிந்தார். நெற்றி தரையில் பட்டது. புது ரப்பர் வாசனை அடித்தது. அவர் அழுதார். எத்தனையோ வருஷம் காற்றுக்குக் குனிந்த நெற்றி அது, எழவே மனம் வரவில்லை.

“அடடா, வேணாம் பெரியவரே!” என்று பின்னால் இருந்து விருத்தாசலம் உருகிப்போய்ச் சொன்னார். “கால்ல எல்லாம் விழக் கூடாது. நாங்க எங்க கடமையத்தானே செஞ்சோம். எழுந்திருங்க, எழுந்திருங்க.” போட்டோக்காரரைப் பார்த்து, “எடுத்தியா?” என்றார்.

மீரா சாகிப் நிமிர்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலிப் பக்கம் திரும்பி, ஒரு பாதத்தை முன்னால் வைத்து, கையை அழுத்தி எழுந்து நின்றார். தண்ணீர் கேனுக்குப் பின்னால் கை தட்டினார்கள். இணை இயக்குநரும் அதே நாற்காலியைப் பிடித்து, அதே மாதிரி, கபடிக் குழு பின்னால் இருந்து முட்டுக் கொடுக்க, ஒருவழியாக எழுந்தார்.

எழுந்ததும் அவர் உத்தரவு போட்டார். “பாத்தீங்களா? நம்ம பயனாளி தரையில உக்காந்தே காட்டிட்டாரு. ஆக, இங்க நாற்காலி தேவையில்லன்னு நிரூபணம் ஆயிடுச்சு. இந்த நாற்காலி நல்லா இருக்கு. இத என் கார்ல ஏத்துங்க, விழுப்புரம் ஆபீசுக்கு.”

“அய்யா, அது வந்து... அந்தப் பாய் வீட்டு நாற்காலி” என்று சீனுவாசன் இழுத்தார். பாவம், ஒரு கணம் நல்லவராகிவிட்டார்.

“எண் எழுதியிருக்கா?”

“இருக்குங்கய்யா.”

“அப்ப நம்மளுது.”

“எடுத்துகினு போங்க சார். உங்களுக்குத்தான் தேவைப்படும்” என்றார் மீரா சாகிப்.

நாற்காலியைக் காரின் மேல் கவிழ்த்துக் கட்டினார்கள். சாலையின் எதிர்ப்பக்கம் மணிமாறன் கடையில் வகுப்பு ஆரம்பித்திருந்தது. மீரா சாகிப் மட்டும் வீட்டுக்குக் கிளம்பினார், அசன் பீவியிடம் உடனே சொல்ல வேண்டும். அவர் காட்டிய கைக்கு எந்த பஸ்ஸும் நிற்கவில்லை. கடைசியில் வெள்ளையம்மாள் நடுரோட்டுக்குப் போய் மறித்து ஒரு பஸ்ஸை நிறுத்தினார். அன்றைக்கு லக்கேஜ் போட்ட அதே நடத்துனர்.

“இன்னா பாய், நாற்காலி எங்க?”

“அது கவர்மெண்டு உத்தியோகத்துக்குப் போயிடுச்சுப்பா. விழுப்புரத்துல போஸ்டிங்.”

“அப்ப நீங்க?”

“நான் தரைக்கு வந்துட்டேன்” என்றார் மீரா சாகிப்.